பொன்னாடை இருக்கட்டும், கூலியைக் கதைப்போம்

திருகோணமலை மாவட்டத்தின் இலக்கிய வட்டங்கள், கலை மன்றங்கள், ஊடகவியலாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஐயாமாரே, அம்மாமாரே, கிண்ணியா மூதூர்ப் பக்கத்து நானாமாரே, ராத்தாமாரே, தம்பி தங்கைமாரே,

நான் தொலைக்காட்சிக்கு மொழிமாற்றுப் பிரதி எழுதிப் பிழைக்கிறவள். அதற்கு முன்பு வானொலி நாடகம் எழுதினேன். இடையிடையே விளம்பரத்துக்கு நாலு வரி, தேர்த் திருவிழா நேரடி வர்ணனைக்குக் குறிப்பு, யாரோ ஒரு பெடியனின் யூடியூப் சேனலுக்கு நகைச்சுவைத் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் எழுதியிருக்கிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பொன்னாடையும் போர்த்தியிருக்கிறீர்கள். நன்றி, அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது.

நம்முடைய கூட்டங்களில் எல்லாவற்றையும் கதைக்கிறோம். யாப்புச் சரியா பிழையா, ஈழத்து நாவல் எங்கே போகிறது, இளையவர்கள் ஏன் வாசிப்பதில்லை, இதெல்லாம் மணிக்கணக்காகப் போகும். ஒரு எபிசோடுக்கு என்ன தருகிறார்கள், எப்போது தருகிறார்கள், தராவிட்டால் யாரிடம் கேட்பது என்று யாரும் வாய் திறப்பதில்லை. காசைப் பற்றிக் கதைத்தால் எழுத்தின் மானம் போய்விடும் என்று ஒரு நினைப்பு. தேநீர், ரோல்ஸ், நன்றியுரை, அதோடு முடிந்தது.

என் வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். சிங்களத் தொடரின் ஒரு பகுதி இரவில் லிங்க்காக வரும். வசனப் பிரதி கூட வந்தால் அதிர்ஷ்டம்; பல நாள் வராது, ஹெட்போனில் கேட்டுக் கேட்டுத்தான் எழுத வேண்டும். நடிகை எந்த நொடியில் வாய் திறக்கிறாள், எந்த நொடியில் மூடுகிறாள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்வேன். உதடு ஒட்டுகிற இடத்தில் பகரமோ மகரமோ விழவேண்டும், இல்லாவிட்டால் பார்க்கிறவருக்கு உறுத்தும். தமிழ் வினைமுற்றுக்கு வால் நீளம். அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு அழத் தொடங்கிவிடுவாள், என் வசனம் இன்னும் "கொண்டிருக்கிறேன்" என்று ஓடிக்கொண்டிருக்கும். அதை வெட்டிச் சுருக்கி, கருத்தும் கெடாமல், ஆச்சி ஆச்சி மாதிரியும் பொலிஸ்காரன் பொலிஸ்காரன் மாதிரியும் பேச வைப்பதற்குள் விடிந்துவிடும். விடிந்ததும் ஒரு வட்ஸ்அப் குரல் செய்தி வரும்: "அக்கா, தமிழ் கொஞ்சம் இந்தியப் படம் மாதிரி இருந்தா நல்லம்."

இதற்கு ஒப்பந்தம் இல்லை. ஒளிபரப்பான பிறகுதான் காசு. ஒரு நிறுவனம், பெயர் இங்கே வேண்டாம், தொடரை இடையில் நிறுத்தியது. எழுதிக் கொடுத்திருந்த மிச்சப் பகுதிகள் ஒளிபரப்பாகவில்லை, ஆகவே காசும் இல்லை. கேட்டதற்கு, "நிகழ்ச்சியே போகலையே அக்கா" என்றார்கள். டைட்டிலில் குரல் கொடுத்தவர் பெயர் வரும், ஒலிப்பதிவாளர் பெயர் வரும், மொழியாக்கம் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயரே வரும்.

செய்தி அனுப்புகிற தம்பிமாரின் கதை இதைவிட மோசம். வெருகல் பக்கம் யானை வீட்டை உடைத்துவிட்டது என்று தகவல் வந்தால், சொந்த மோட்டார் சைக்கிளில், சொந்தப் பெற்றோலில் போய்ப் படம் எடுத்து, சிக்னல் கிடைக்கிற இடம்வரை திரும்பி வந்து அனுப்ப வேண்டும். கொழும்பில் அன்றைக்கு அமைச்சர் ஒருவர் ஏதாவது சொல்லிவிட்டால் யானை போகாது. யானை போகாவிட்டால் காசும் போகாது. கழுத்தில் ஒரு அடையாள அட்டை தொங்கும். விழுந்து கால் முறிந்தால் அந்த அட்டையைக் காட்டி ஒரு சதமும் வாங்க முடியாது.

2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள் என்பதைக் காட்டிய படங்களை எடுத்தவர் சுடர் ஒளி பத்திரிகையின் பிராந்தியச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி காலையில் இதே நகரத்தில் அவரையும் சுட்டுக் கொன்றார்கள். ஆண்டுதோறும் அவரை நினைவுகூர்கிறோம், அது நம் கடமை. அவர் செய்த அதே வேலையை இன்று செய்கிற பெடியன்களுக்கு ஒரு நியமனக் கடிதம்கூட இல்லை என்பதையும் அந்த நினைவு நாளில் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டாமா?

சரி, இப்போது ஹொலிவூட்டைப் பற்றி ஏன் எழுதப்போகிறேன் என்று கேட்பீர்கள். 2023இல் அங்கே திரைக்கதை எழுதுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். மே 2ஆம் திகதி தொடங்கி செப்டெம்பர் 27 வரை, 148 நாட்கள், சுமார் 11,500 பேர். நம் பத்திரிகைகளில் அது சினிமாப் பக்கத்தில், நடிகைகள் பதாகை பிடித்த படத்தோடு வந்து போனது. அதன் உள்ளே இருந்த விஷயத்தை நாம் வாசிக்கவில்லை.

அங்கே பிரச்சினை தொடங்கிய விதம் நமக்குப் புதிதல்ல. முன்பு ஒரு தொடர் வருடத்துக்கு 22, 24 பகுதி போகும். எழுதுகிறவருக்கு ஏறக்குறைய வருடம் முழுவதும் வேலை. தொடர்களை இணையத்திலேயே காட்டுகிற தளங்கள் வந்தபிறகு எட்டோ பத்தோ பகுதிதான். நாலைந்து பேரைச் சில வாரங்களுக்கு மட்டும் கூப்பிட்டு, கதை முழுவதையும் கறந்துகொண்டு அனுப்பிவிடுகிற வழக்கம் வந்தது. மறு ஒளிபரப்புக்குக் கிடைத்துவந்த பங்குக் காசும் இணையத்தில் சுருங்கிப்போனது. பிறகு செயற்கை நுண்ணறிவு வேறு. கடைசியில் அவர்கள் வென்றவற்றில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். இயந்திரம் எழுதியதை எழுத்தாக்கமாகக் கணக்கெடுக்க முடியாது. இயந்திரப் பிரதியைக் கையில் கொடுத்து "இதைத் திருத்து" என்றால், அது இயந்திரத்தில் வந்தது என்று நிறுவனம் சொல்லியாக வேண்டும். திருத்துகிறவருக்கு அதைக் காட்டிக் கூலியைக் குறைக்கவும் முடியாது.

நமக்கும் இது வந்துவிட்டது. "மெஷினில் போட்டு எடுத்திருக்கோம் அக்கா, ஒருக்கா பார்த்துத் தாங்கோ, பாதி ரேட்தான்" என்று எனக்கே வந்தது. பார்த்தால், தலையிலிருந்து கால்வரை திரும்ப எழுதவேண்டிய சாமான். மாமியும் அத்தையும் ஒரே வீட்டில் ஒரே ஆளாக இருக்கிறார்கள், மருமகன் மாமனாரை நீ என்கிறான். பாதிக் கூலிக்கு முழு வேலை. அங்கே இதற்கு எதிராக ஒரு பத்தி ஒப்பந்தத்தில் இருக்கிறது. இங்கே ஒப்பந்தமே இல்லையே, பத்திக்கு எங்கே போவது?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் திரைக்கதை எழுதுகிறவருக்குத் தான் எழுதியதன் பதிப்புரிமை கிடையாது, அது நிறுவனத்துக்குப் போய்விடும். மேடை நாடகம் எழுதுகிறவர் உரிமையைத் தன்னிடமே வைத்திருக்கிறார். அதனால் சட்டம் அவரைச் சுயதொழில்காரர் என்கிறது, கூட்டாக விலை பேச விடுவதில்லை. திரைக்கதைக்காரர் உரிமையைக் கொடுத்துவிட்டார், அதற்குப் பதிலாக அவர் ஊழியர் ஆனார். ஊழியர் ஆனதால் சங்கம், குறைந்தபட்சக் கூலி, 1960 வேலைநிறுத்தத்தில் வென்ற ஓய்வூதியமும் மருத்துவ நிதியும், மறு ஒளிபரப்புப் பங்கு எல்லாம் வந்தன. நல்ல பேரமோ கெட்ட பேரமோ, ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கியிருக்கிறார்கள்.

நாம் என்ன வாங்கினோம்? நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் பாருங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதிக் கொடுத்தால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, அதன் பொருளாதார உரிமை எழுதச் சொன்னவருக்கே. அதாவது நாம் வாய்ப்பேச்சில் வேலையை ஏற்கிற கணத்திலேயே உரிமை கைமாறிவிடுகிறது. ஊழியராகவாவது வைத்திருக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. ஊழியர் என்று ஏற்றுக்கொண்டால் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் அவர்கள் கட்டவேண்டி வரும். அதனால் உரிமையைக் கேட்டால் "நீங்க எங்களுக்காக எழுதினது" என்கிறார்கள், சேமலாப நிதியைக் கேட்டால் "நீங்க வெளியாள்தானே" என்கிறார்கள். இரண்டு பக்கமும் நமக்கு நட்டம். இந்த ஒன்றை நம் மன்றங்களில் ஒரு மாலைப்பொழுது கதைத்திருந்தால்கூட இவ்வளவு காலம் வீணாகியிருக்காது.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. பொருளாதார உரிமை யாரிடம் இருந்தாலும், படைப்பில் தன் பெயர் வரவேண்டும் என்று கேட்கிற உரிமை எழுதியவரோடுதான் இருக்கும். டைட்டிலில் பெயர் போடச் சொல்வது கெஞ்சிக் கேட்கிற சலுகை ஆகாது. இது தெரியாமல் எத்தனை பேர் "பரவாயில்லை விடுங்கோ" என்று விட்டிருக்கிறோம்!

சங்கம் அமைக்க நமக்குத் தகுதி இருக்கிறதா என்று சிலர் கேட்பீர்கள், நிரந்தர வேலை இல்லையே என்று. தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டுச் சட்டம், இலக்கம் 14. அதன்படி ஏழு பேர் கையெழுத்திட்டால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். தொழிலாளி யார் என்பதற்கு அது கொடுக்கிற விளக்கம் விரிவானது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாலும் சரி, வாய்மொழியாக இருந்தாலும் சரி, ஒரு வேலையைத் தானே நேரில் செய்து கொடுக்கிற ஒப்பந்தமானாலும் சரி, அவர் தொழிலாளிதான். வட்ஸ்அப்பில் வேலை வாங்கி வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்கிற நானும் அதற்குள் வருவேன் என்றே வாசிக்கிறேன். சட்டத்தரணி ஒருவர் இதைச் சரிபார்க்க வேண்டும். நம் மன்றங்களில் கவிதை வாசிக்கிற சட்டத்தரணிகள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், ஒருநாள் அவர்களிடம் கவிதைக்குப் பதில் இதைக் கேட்போம்.

பதிவு செய்துவிட்டால் மறுநாளே முதலாளி மேசைக்கு வந்துவிடுவார் என்று சொல்லவில்லை. 1999இல் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு வந்த திருத்தத்தின்படி, எந்தத் தொழிலாளர் சார்பில் பேசுகிறோமோ அவர்களில் 40 வீதத்தினர் சங்கத்தில் இருந்தால்தான் முதலாளி பேச மறுக்க முடியாது. திருகோணமலையில் மட்டும் சங்கம் வைத்து இது நடக்காது. மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், வவுனியா, மலையகம், கொழும்பு என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் வேண்டும். கொழும்பில் ஊடக ஊழியர் தொழிற்சங்கச் சம்மேளனம் இருக்கிறது, உழைக்கும் பத்திரிகையாளர் சங்கம் இருக்கிறது. தனியாகத் தொடங்குவதா, அவற்றோடு கிளையாகச் சேர்வதா என்பதைக் கூடித் தீர்மானிக்கலாம். எனக்குக் கிளையாகச் சேர்வதே நல்லது என்று படுகிறது. சிங்கள எழுத்தாளர்களும் இதே சேற்றில்தான் நிற்கிறார்கள்.

"நான் மாட்டேன் என்றால் இன்னொருவர் எழுதிவிடுவார்." இந்த வாக்கியத்தைச் சொல்லாத எழுத்தாளர் நம் மாவட்டத்தில் இல்லை. உண்மைதான், எழுதிவிடுவார். ஏனென்றால் அந்த இன்னொருவரும் நம் மன்றத்தில்தான் நமக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார், நாம் ஒருவரோடு ஒருவர் கூலியைக் கதைத்ததில்லை. என் அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். அங்கே கூலி பேசாமல் யாரும் மூட்டைக்குத் தோள் கொடுக்கமாட்டார்கள். ஒருவன் குறைத்து ஒத்துக்கொண்டால் அன்று மாலை தேநீர்க் கடையில் அவனுக்கு நல்ல பாட்டு விழும். எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர்கள் அவர்கள். அவர்களுடைய பிள்ளைகளான நாம் எழுதப் படித்தோம், இந்த ஒன்றை மறந்தோம்.

ஹொலிவூட்டிலும் எழுத்தாளர்கள் தனியே வெல்லவில்லை. விடியற்காலையில் படப்பிடிப்புத் தள வாசலில் நாலு பேர் பதாகையோடு நின்றால், லொறி ஓட்டுகிற சங்கத்துக்காரர்கள் அந்த வரிசையைத் தாண்டி வண்டியை உள்ளே விடமறுத்தார்கள். அதனால் படப்பிடிப்புகள் நின்றன. ஜூலையில் நடிகர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். நமக்குக் குரல் கொடுக்கிற கலைஞர்கள், எடிட்டிங் செய்கிற பெடியன்கள், கமெராக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் இலக்கியவாதி இல்லை என்று வெளியே நிறுத்தினால் நாம் தோற்றோம்.

வேலைநிறுத்தம் என்றாலே நம் பெரியவர்களுக்கு 1980 ஜூலையில் நம் நாட்டில் நடந்த பொது வேலைநிறுத்தம் ஞாபகம் வரும். அதில் இறங்கியவர்கள் வேலையை விட்டுப் போனவர்களாகவே கருதப்பட்டு, பல்லாயிரம் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். 2023இலும் ஐந்து மாதம் வருமானமில்லாமல் வாடகை கட்ட முடியாமல் போனவர்கள் உண்டு. எழுத்தோடு சம்பந்தமே இல்லாத தையற்காரர், சமையற்காரர், லைட் பிடிக்கிறவர்களும் அடிபட்டார்கள். ஆகவே நாளைக்கே பேனாவை மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மூடினால் யாருக்கு வலிக்கும் என்ற கணக்கையாவது போட்டுப் பார்ப்போம் என்கிறேன்.

அந்தக் கணக்கு அவ்வளவு மோசமாக இல்லை. 2023இல் முதல் நாளே நின்றவை அன்றாடம் எழுதி அன்றாடம் போகிற இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சிகள். கையிருப்பு இல்லாத இடத்தில்தான் எழுத்தாளருக்குப் பலம். நம் தினசரித் தொடர்களுக்கும் கையிருப்பு சொற்பம். இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தாலே பழைய பகுதியைத் திரும்பப் போடுகிறார்கள். ஹிந்தித் தொடரைச் சென்னையிலிருந்து தமிழிலேயே வாங்கிப் போட்டுவிடுவார்கள், அதில் நமக்குப் பிடி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிங்களத் தொடரைத் தமிழாக்க இந்த நாட்டு ஆட்கள்தான் வேண்டும். கிண்ணியாவில் வெள்ளம் என்றால் கிண்ணியாவில் நிற்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். முதலில் உங்கள் மன்றங்களிலிருந்தே தொடங்குங்கள். ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதித் தரச் சொல்கிறீர்கள், மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் சாப்பாட்டுக்கும் காசு கட்டுகிறீர்கள், எழுதியவருக்கு மட்டும் மாலை போடுகிறீர்கள். அடுத்த விழாவுக்கு அவருக்கும் ஒரு தொகை எழுதுங்கள், சின்னத் தொகையானாலும் பற்றுச்சீட்டோடு கொடுங்கள். நாமே கொடுக்காத கூலியைக் கொழும்பில் போய் எந்த முகத்தோடு கேட்பது?

பிறகு, ஏதாவது ஒரு மன்றம் ஒரு போயா விடுமுறையில் தன் மண்டபத்தைத் தந்தால், நகரம், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளி எல்லா இடத்திலிருந்தும் எழுதுகிறவர்கள் கூடலாம். கவியரங்கம் வேண்டாம், தலைமையுரை வேண்டாம், மங்கள விளக்கும் அன்றைக்கு வேண்டாம். எந்த வேலைக்கு யார் என்ன தருகிறார்கள் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொன்னால் போதும். பலருக்கு அதைக் கேட்கிறபோதே அதிர்ச்சியாக இருக்கும், ஒரே தொடருக்கு இருவர் இரண்டு விலையில் எழுதிக்கொண்டிருப்பதும் வெளியே வரும். அதிலிருந்து இதற்குக் கீழே யாரும் எழுதுவதில்லை என்று ஒரு தொகை. ஒரு பக்கத்தில் ஒப்பந்தப் படிவம்: தொகை, கொடுக்கும் திகதி, ஒளிபரப்பாகாவிட்டாலும் காசு, டைட்டிலில் பெயர், இயந்திரப் பிரதி என்றால் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்பது. சம்பளம் காணாது என்று ஒருவர் விட்ட வேலையை இன்னொருவர் அதே சம்பளத்துக்கு எடுப்பதில்லை என்று ஒரு வாக்கு. கடைசியில் பதிவு விண்ணப்பத்துக்கு ஏழு கையெழுத்து. முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

வருகிறவர்கள் கடைசியாகக் கிடைத்த கொடுப்பனவுச் சீட்டின் பிரதி ஒன்றைக் கொண்டுவாருங்கள். சீட்டே கிடைக்காதவர்கள் அந்த வட்ஸ்அப் உரையாடலை அச்செடுத்து வந்தாலும் சரி.

இப்படிக்கு,
மொழிமாற்றுப் பிரதி எழுதும் ஒருத்தி,
உவர்மலை, திருகோணமலை